மடிவீக்கத்துக்கு மருந்து ஏன் கேட்கவில்லை?

அச்சுவேலிப் பக்கத்தில் மூன்று பசுக்கள் வைத்துப் பால் ஊற்றிவரும் சகோதரி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது. மூன்றாம் ஈற்று ஜேர்சிக் கலப்புப் பசுவுக்குக் கடந்த மாரியில் இடது பின்காம்புப் பக்கம் வீங்கிப் பால் திரிந்து வந்தது. மடிக்குள் ஏற்றும் குளொக்சசிலின் ரியூப் மூன்று கொடுக்கப்பட்டது. இரண்டு ஏற்றியதும் பால் வெள்ளையாக வந்ததால் மூன்றாவதை ஏற்றவில்லை. மூன்று கிழமைக்குள் வீக்கம் திரும்பவும் வந்தது. இம்முறை ஜென்ரமைசின் ஊசி போடப்பட்டது, ஒரு மாதம் நன்றாக இருந்து மீண்டும் திரிந்தது. இப்போது பசு ஐந்து மாதச் சினை. ‘பவர் கூடின ஊசி போட்டால்தான் கேட்கும்’ என்று அயலவர் சொல்ல, மைத்துனர் பாமசியில் மனிதருக்குப் போடும் செப்ரியக்சோன் வாங்கி வைத்திருக்கிறார். அதைப் போடலாமா, மருந்து ஏன் கேட்கவில்லை, மருந்து ஏற்றும் நாட்களில் மற்ற மூன்று காம்புப் பாலை விற்கலாமா, நோய்ப் பாலைக் காய்ச்சிக் கன்றுக்குக் கொடுக்கலாமா, பசுவை விற்றுவிடுவதா என்பன அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நடந்ததை ஒழுங்காகவும் மருந்துகளின் பெயரோடும் எழுதியிருந்தீர்கள். பதில் சொல்வதற்கு அது பெரிய உதவி. முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மைத்துனர் வாங்கிவைத்திருக்கும் ஊசியைத் தயவுசெய்து போட வேண்டாம். அடுத்து எந்த மருந்து கொடுப்பதானாலும், அதற்கு முன்னர் அந்தக் காம்பின் பால் ஆய்வுகூடத்துக்குப் போய்வர வேண்டும்.

மருந்துக்குப் ‘பவர்’ கூடியது, குறைந்தது என்ற அளவுகோல் மடிவீக்கத்துக்குப் பொருந்துவதில்லை. எந்தக் கிருமி, அது மடியின் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு காலமாக இருக்கிறது, கொடுத்த மருந்து அந்த இடத்தைப் போய்ச் சேருகிறதா என்ற நான்கும் சேர்ந்துதான் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்யுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. நூறு வருடப் பழக்கம்கூட இல்லாத மருந்துகள் இவை. பெனிசிலின் 1928 இல் கண்டறியப்பட்டு, 1940களிலேயே மாட்டு மடிக்குள் ஏற்றப்படத் தொடங்கியது. குறைந்த அளவில் மருந்தைச் சந்திக்கும் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும் என்று பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945 இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார். நீங்கள் இரண்டு ரியூப்போடு நிறுத்தியதற்காக உங்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பால் வெளுத்தவுடன் நோய் போய்விட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அங்கேதான் இந்த நோயின் சூட்சுமம் இருக்கிறது.

பாலில் வரும் திரளைகள் கிருமி அல்ல. கிருமியை எதிர்க்க மடிக்குள் வந்து குவியும் வெண்குருதிக் கலங்களும் திரிந்த பாற்புரதமும் சேர்ந்தவையே அவை. நோயில்லாத மடியின் பாலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100,000 கலங்களுக்குக் குறைவாகவே இருக்கும், 200,000 ஐத் தாண்டினால் அந்தக் காம்புக்குரிய மடிப் பகுதியில் தொற்று இருக்கிறது என்று கொள்வோம். மருந்து பட்டதும் கிருமியின் தொகை விழுகிறது, அழற்சி தணிகிறது, பால் வெள்ளையாக வருகிறது. எஞ்சிய கிருமி உள்ளேயே இருக்க, கண்ணுக்குத் தெரியாத மடிவீக்கமாக நோய் தொடர்கிறது. பசுவின் உடல் சற்றுச் சோர்ந்ததும், மாரியில் கொட்டில் ஈரமானதும் அதே காம்பில் அது திரும்பவும் தலைகாட்டுகிறது. ஒரே காம்பில், இடைவெளிவிட்டு மும்முறை வந்திருப்பதால், உங்கள் பசுவுக்கு வந்திருப்பது ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியாவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். சந்தேகம் மட்டுமே. பாலைச் சோதிக்காமல் உறுதிப்படுத்த முடியாது.

இந்தக் கிருமியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்து வீணாகும் மாடுகளில் பெரும்பாலும் இதன் கை இருக்கிறது. பால் சுரக்கும் திசுவுக்குள் ஊடுருவி அங்கே சிறுசிறு சீழ்க்கட்டிகளை இது உண்டாக்குகிறது. உடல் அந்தக் கட்டிகளைச் சுற்றித் தடித்த நார்த்திசுவால் வேலி போடுகிறது. உங்கள் பசுவின் அந்தப் பகுதியைக் கறந்து முடித்தபின் விரல்களால் ஆழ அமுக்கிப் பாருங்கள். மற்றப் பகுதிகள் பஞ்சுபோல் அமுங்கும்போது அங்கே மட்டும் கட்டியாக, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டால் அந்த வேலியைத்தான் தொடுகிறீர்கள். இரத்தத்தில் வரும் மருந்தும் காம்பு வழியே ஏற்றும் மருந்தும் அந்த வேலியைத் தாண்டிப் போதிய அளவில் உள்ளே போவதில்லை. போதாததற்கு, தன்னை விழுங்கிய வெண்குருதிக் கலத்துக்குள்ளேயே இந்தக் கிருமி சாகாமல் இருந்துகொள்ளும். கலத்துக்குள் பதுங்கியிருக்கும்போது அது மெதுவாகப் பெருகுகிறது. பெனிசிலின் வகை மருந்துகளோ கலச்சுவரைக் கட்டிக்கொண்டிருக்கும், பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்லும். இவற்றோடு, இந்த இனத்தின் பல வகைகள் பெனிசிலினை உடைக்கும் நொதியத்தையும் சுரக்கின்றன. குளொக்சசிலின் அந்த நொதியத்துக்குத் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் வைத்தியர் உங்களுக்கு அதைத் தந்திருப்பார். ஆனால் நொதியத்தை வென்றாலும் வேலியை வெல்ல வேண்டுமே.

ஆகவேதான் இந்தக் கிருமிக்குச் சிகிச்சையின் வெற்றி, உலகின் பல இடங்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில் 4 சதவீதம் முதல் 92 சதவீதம் வரை ஏறி இறங்கியிருக்கிறது. மருந்தைவிட மாடுதான் அந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம். முதல் ஈற்றுப் பசுவில், ஒரு காம்பில், தொற்றிச் சில நாட்களுக்குள் பிடித்தால் குணமாகும் வாய்ப்பு நல்லது. பல ஈற்றுக் கண்ட பசுவில், மாதக்கணக்காக இருந்த தொற்றில், ஒன்றுக்கு மேற்பட்ட காம்பில், கட்டி தட்டுப்படும் மடியில் அந்த வாய்ப்புப் படிப்படியாகக் குறைகிறது.

இதற்கு நேர்மாறாக, ஸ்ரெப்ரோகொக்கஸ் அகலக்ரியே என்ற கிருமி மடியின் பாற்குழாய்களிலும் பாலிலும் மேலோட்டமாகவே வாழ்கிறது. சாதாரண பெனிசிலின் ரியூப்பே அதற்குப் போதும், முறையாக ஏற்றினால் பத்தில் ஒன்பது மாடுகள் குணமாகும். உங்கள் பசுவில் இருப்பது இதுவானால், விலை குறைந்த, பழைய மருந்து ஒன்றை முழு நாட்களுக்கும் ஏற்றுவதோடு வேலை முடிந்தது. சாணியிலும் சேற்றிலும் இருந்து வரும் ஈகோலை வேறொரு வகை. அது திடீரென வந்து மடியைத் தாக்கும், பால் தண்ணீர்போல் மாறும். மிதமாக வந்தால் பசுவின் உடலே பெரும்பாலும் சில நாட்களில் அதை வெளியேற்றிவிடும், அங்கே ரியூப்பால் பெரிய பயன் இல்லை. கடுமையாக வந்தால் கிருமி செத்து உடையும்போது வெளிவரும் நஞ்சுதான் பசுவை விழுத்துகிறது. அந்த நேரத்தில் சேலைனும் அழற்சி தணிக்கும் மருந்தும் உயிர் காக்கும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குக் கலச்சுவரே கிடையாது, எனவே பெனிசிலினும் செப்ரியக்சோன் வகையும் அதைத் தொடக்கூட மாட்டா. மடியில் பூஞ்சணமோ மதுவமோ இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லியால் நன்மையில்லை. அழுக்கான ஊசிமுனையாலும் திருப்பித் திருப்பி ஏற்றும் ரியூப்களாலும் மதுவம் மடிக்குள் புகுந்த மாடுகள் உண்டு.

ஜென்ரமைசின் ஏன் பயன்படவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தசையில் போடும் ஊசி இரத்தத்தில் ஏறி, அங்கிருந்து மடிக்குள் கசிய வேண்டும். இரத்தத்தைவிடப் பால் சற்று அமிலத்தன்மை கூடியது. பெனிசிலின் தானே ஒரு மென்னமிலம் என்பதால் அதில் பெரும்பகுதி இரத்தப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. ரைலோசின் போன்ற மென்காரங்கள் மாறாகப் பாலுக்குள் போய்ச் சேருகின்றன. ஜென்ரமைசினும் ஸ்ரெப்ரோமைசினும் கொழுப்பில் கரையாதவை என்பதால் மடியின் தடையைக் கடக்கவே சிரமப்படுகின்றன. ஆனால் சிறுநீரகத்தில் மட்டும் மாதக்கணக்கில் தங்கிவிடுகின்றன. இப்படி, ஆய்வுகூடத் தட்டில் கிருமியைக் கொன்ற மருந்து மாட்டின் மடியில் தோற்றுப்போவது சாதாரணம். ஆய்வுகூட அறிக்கையில் ‘இதற்குக் கேட்கும்’ என்று எழுதியிருப்பதைக் கொண்டு மட்டும் மருந்தைத் தேர்ந்தெடுக்காமல், மருந்து போய்ச் சேரும் வழியையும் வைத்தியர் பார்ப்பது இதனாலேயே.

செப்ரியக்சோன் பற்றி. அது மூன்றாந் தலைமுறைச் செபலோஸ்போரின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி வகையைச் சேர்ந்தது. மனித வைத்தியத்தில் மிகவும் பாதுகாத்துவைக்க வேண்டிய மருந்துகளின் வரிசையில் உலக சுகாதார நிறுவனம் அந்த வகையை வைத்திருக்கிறது. வேலிக்குள் பதுங்கிய ஸ்ரபிலோகொக்கஸுக்கு அது குளொக்சசிலினைவிட எந்த வகையிலும் மேலானது அல்ல. மாட்டுக்கு என்ன அளவு, எத்தனை நாள் பாலை ஒதுக்குவது என்று அந்தப் போத்தலில் எழுதியும் இருக்காது. உங்கள் பசு குணமாகாது, கொட்டிலிலும் சாணியிலும் உள்ள வேறு கிருமிகள் மட்டும் அந்த மருந்துக்குப் பழகும். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கடும் தொற்றோடு படுத்திருக்கும்போது இதே மருந்துதான் தேவைப்படலாம். இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே எனக்குக் கவலை தரும் விடயம் இது.

இனி செய்ய வேண்டியது. உங்கள் பிரிவின் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கிருமிநீக்கிய சிறு போத்தல் ஒன்று கேட்டு வாங்குங்கள். கடைசி மருந்து கொடுத்து இரண்டு மூன்று கிழமையாவது கழிந்திருந்தால்தான் சோதனை சரியாக வரும், உங்கள் கடிதத்தின்படி அந்தக் காலம் கடந்துவிட்டது. காம்பைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, நுனியை ஸ்பிரிற் தோய்ந்த பஞ்சால், பஞ்சில் அழுக்குத் தெரியாமல் வரும்வரை புதிய பஞ்சு மாற்றி மாற்றித் துடையுங்கள். முதல் மூன்று நான்கு பீச்சலை வேறொரு பாத்திரத்தில் விட்டுவிட்டு, போத்தலைச் சரித்துப் பிடித்து, மூடியின் உட்பக்கமோ போத்தலின் வாயோ எதிலும் படாமல் சிறிதளவு கறந்து மூடுங்கள். ஐஸ் போட்ட பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சாணித் தூசி ஒரு துளி விழுந்தாலும் அறிக்கை ஈகோலை என்று வந்து எல்லோரையும் ஏமாற்றும். கிருமி வளர்ந்து தெரிய ஓரிரு நாள் எடுக்கும், எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதற்கு மேலும் ஒரு நாள். யாழ்ப்பாணத்தில் முடியாத சோதனைக்குக் கன்னொறுவயில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, எங்கே அனுப்புவது என்பதை வைத்தியர் முடிவுசெய்வார். ஸ்ரபிலோகொக்கஸ் ஒவ்வொரு நாளும் பாலில் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை, ஆகவே ஒரு முறை ‘கிருமி இல்லை’ என்று வந்தால் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

மற்ற இரண்டு பசுக்களையும் நீங்களே வீட்டில் பார்க்கலாம். 100 மில்லிலீற்றர் நீரில் 3 கிராம் சலவைத்தூள் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிச் சிறு கிண்ணத்தில் எடுத்து, பாலின் அளவுக்குச் சமமாகக் கரைசலை விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். பால் நீர்போலவே ஓடினால் நல்லது. கிண்ணத்தைச் சரிக்கும்போது வழுவழுப்பாக, முட்டை வெள்ளைபோல் ஒன்றாகத் திரண்டு வந்தால், வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தப் பகுதியில் தொற்று இருக்கிறது.

அறிக்கை ஸ்ரபிலோகொக்கஸ் என்று வந்து, மடியில் கட்டியும் தட்டுப்பட்டால், கறவைக் காலத்தில் திரும்பவும் மருந்து ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பசு ஐந்து மாதச் சினையாக இருப்பது உங்களுக்கு வாய்த்த நல்ல சந்தர்ப்பம். ஏழாம் மாதம் முடியும்போது, கன்று ஈனுவதற்கு ஏறக்குறைய 60 நாள் இருக்கையில் கறவையை நிறுத்துவோம். அன்றைக்குக் கடைசியாக நன்றாகக் கறந்தபின், வற்றுக்காலத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட, நீண்டநாள் நிற்கும் ரியூப்பை நான்கு காம்பிலும் வைத்தியரைக் கொண்டு ஏற்றுங்கள். பால் கறந்து மருந்தை வெளியேற்றாததால் அது கிழமைக்கணக்கில் மடியில் நிற்கும். மடி சுருங்கும் காலத்தில் திசுவும் புதுப்பிக்கப்படும். கறவைக்கால ரியூப்பைவிட வற்றுக்காலத்தில் இந்தக் கிருமி குணமாகும் வாய்ப்புக் கூடுதலாக இருப்பது இதனால்தான். ரியூப் ஏற்றும்போது நுனியை முழுதாக உள்ளே செருகாமல் சில மில்லிமீற்றர் மட்டும் புகுத்தினால் போதும், காம்புத் துவாரத்தின் உட்தோல் காயப்படாது, வெளிக் கிருமியும் உள்ளே தள்ளப்படாது. அதுவரை அந்தக் காம்பின் பாலைத் தனியாகக் கறந்து அப்புறப்படுத்துங்கள்.

பால் விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு காம்பில் ஏற்றிய மருந்து அந்தக் காம்போடு நிற்பதில்லை. மடியிலிருந்து இரத்தத்தில் உறிஞ்சப்பட்டு மற்ற மூன்று பகுதிக்கும் கொஞ்சமாவது வந்துசேரும். ஆகவே நான்கு காம்புப் பாலையும் ரியூப்பின் உறையில் எழுதியிருக்கும் நாட்கள் முடியும்வரை ஒதுக்க வேண்டும். அந்த நாட்கள் கடைசி ரியூப்பிலிருந்து எண்ணப்படுபவை. பாலில் அனுமதிக்கப்பட்ட பெனிசிலின், சர்வதேச உணவு நியமப்படி ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 200 மில்லிகிராம் பெனிசிலின் உள்ள ஒரு ரியூப் முழுவதும் பாலில் கலந்தால், அதை அந்த அளவுக்குக் கொண்டுவர 50,000 லீற்றர் பால் வேண்டும். உங்கள் ஒரு வாளிப் பால் சேகரிப்பு நிலையத்தின் தாங்கி முழுவதையும் கெடுத்துவிடும், அதில் தயிர் உறையாது, பெனிசிலின் ஒவ்வாமை உள்ள ஒருவர் குடித்தால் ஆபத்து. காய்ச்சுவதால் மருந்து போய்விடாது. கிருமி சாகும், மருந்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். இதே காரணத்தால் கன்றுக்கும் வேண்டாம். குறைந்த அளவு மருந்தை நாள்தோறும் குடிக்கும் கன்றின் குடல், மருந்துக்குப் பழகிய கிருமிகளை வளர்க்கும் இடமாகிவிடும். பாலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றவும் வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணக்கல், மேலே ஊற்றுவது கீழே நல்ல தண்ணீரை வெகு சீக்கிரம் சேரும். கிணற்றுக்குத் தூரத்தில் மண்ணில் குழி வெட்டி ஊற்றி மூடுங்கள்.

ஸ்ரபிலோகொக்கஸ் ஒரு பசுவிலிருந்து மற்றதுக்குக் கறப்பவரின் கைவழியே போகிறது. நோயுள்ள பசுவைக் கடைசியாகக் கறவுங்கள். எல்லாப் பசுவுக்கும் ஒரே துணியால் மடி துடைப்பதையும், விரலை வாளிப் பாலில் தோய்த்துக் காம்பை ஈரப்படுத்திக் கறப்பதையும் இன்றே விட்டுவிடுங்கள். நோயுள்ள பசுவிடம் ஊட்டிய கன்று அடுத்த பசுவிடம் போய் முட்டிக் குடிக்க விடாதீர்கள். கறந்து முடிந்தவுடன் ஒவ்வொரு காம்பையும் அயடீன் கரைசலில் தோயுங்கள். பாமசியில் கிடைக்கும் 10 சதவீதப் பொவிடோன் அயடீனைக் கொதித்தாறிய நீரில் சரிபாதியாகக் கலந்து சிறிது கிளிசரின் சேர்த்தால் போதும். தோய்த்த மிச்சத்தைப் போத்தலில் திருப்பி ஊற்றாதீர்கள். கறந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை காம்புத் துவாரம் முழுதாக மூடுவதில்லை, அந்த நேரம் பசு ஈரத்தரையில் படுக்காமல் நிற்கும்படி வைக்கலையோ வெட்டிய பனையோலையையோ அப்போது தீனியாகப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் செய்யுங்கள். பசு தீனெடுக்காமல், காது குளிர்ந்து, கண் உள்ளே போய், எழும்ப மாட்டாமல் கிடந்தால், அல்லது மடித்தோல் நீலம் பாரித்துக் குளிர்ந்தால், அது மணித்தியாலக் கணக்கு. உடனே வைத்தியரை அழையுங்கள்.

பசுவை இப்போது விற்க வேண்டாம். சினைப் பசு, வற்றுக்காலச் சிகிச்சைக்கு இரண்டு மாதமே இருக்கிறது. கன்று ஈன்று ஒரு மாதம் கழித்துச் சலவைத்தூள் சோதனையையும் ஆய்வுகூடச் சோதனையையும் அந்தக் காம்பில் திரும்பச் செய்யுங்கள். தெளிந்திருந்தால் பசுவை வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு பகுதி மட்டும் தெளியவில்லையானால் அதை வைத்தியரைக் கொண்டு நிரந்தரமாக வற்றச் செய்து மூன்று காம்பில் கறக்கலாம், அடுத்த ஈற்றில் மற்றப் பகுதிகள் இழந்த பாலில் ஒரு பங்கை ஈடுசெய்யும். இன்னொரு காம்புக்கும் பரவியிருந்தால், மற்ற இரண்டு பசுக்களைக் காப்பாற்ற இதைக் கழிப்பதுதான் வழி, அப்போது வாங்குபவருக்கு மடியின் விடயத்தைச் சொல்லியே கொடுங்கள். கடைசியாக எந்த மருந்து எந்தத் திகதியில் போட்டது என்பதையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.